மஞ்சள் கயிறும் ஆறு வரி பெல்ட்டும்

பெல்ட் ஏறவில்லை.

குணா ஒரு பக்கம் நீளமான இரும்புக் கம்பியைக் கொடுத்து நெம்பிக்கொண்டிருக்கிறான். நான் மறுபக்கம் பானெட்டுக்குள் இடுப்பு வரை கவிழ்ந்து கிடக்கிறேன். புது பெல்ட் எல்லாச் சக்கரங்களையும் சுற்றி வந்துவிட்டது. கடைசிச் சக்கரத்தில் மட்டும் ஏற மாட்டேன் என்கிறது. ஒரு விரல் அகலம் குறைகிறது.

"இன்னும் கொஞ்சம் நெம்பு மச்சான்."

"இதுக்கு மேல நெம்புனா ஸ்பிரிங் உடைஞ்சிரும் அத்தான்."

தலைக்கு மேல் கல்யாணக் கூடாரம். பக்கத்தில் பெரிய வாணலியில் முறுக்கு வெந்துகொண்டிருந்தது. எண்ணெய் வாசனையும் புது ரப்பர் வாசனையும் கலந்து வந்ததை என் மூக்கு இன்னும் மறக்கவில்லை. சனிக்கிழமை மத்தியானம். கிள்ளான் வெயில் தகரக் கூரையில் இறங்கிக்கொண்டிருந்தது.

மறுநாள் காலையில் கல்யாணம். இந்தக் காரில்தான் மாப்பிள்ளை வந்து இறங்க வேண்டும்.

பிள்ளைகளே, போன வாரம் இந்தப் பத்தியில் துறைமுகக் கிடங்கில் மழைத்தண்ணீர் புகுந்த கதையை எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு என் சின்ன மகள், "அப்பா, எல்லா வாரமும் லோரி, கிடங்கு, மழைன்னே எழுதுறீங்க. தேவி சித்தி கல்யாணத்த எழுதுங்க" என்றாள். நடந்து இரண்டு மூன்று வருஷம்தான் இருக்கும். ஆனால் இப்போதே எங்கள் வீட்டில் ஆளுக்கு ஒரு விதமாகச் சொல்கிறார்கள். அதனால் நான் பார்த்தபடி எழுதி வைத்துவிடுகிறேன்.

கத்தும் கார்

குணா என் மனைவி வசந்தாவின் தம்பி. டயர் கடையில் வேலை. தேவி அவர்கள் இருவருக்கும் இளையவள். தகப்பன் இல்லாத வீடு. ஆகவே தேவியின் கல்யாணத்தில் அப்பா நிற்க வேண்டிய இடத்தில் எல்லாம் குணாதான் நின்றான்.

அவன் அதிகம் பேசாதவன். ஏதாவது கேட்டால் தலையை மட்டும் ஆட்டுவான். ஆனால் பழைய ஜெர்மன் கார் ஒன்றை, எங்கள் பேச்சில் காடி, வாங்கி, எங்கள் வீட்டு வாசலில் நிறுத்தி, ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அதோடு பேசிக்கொண்டிருப்பான். இருக்கைக்குப் புதுத் தோல் போட்டான். துருவைத் தேய்த்து எடுத்தான். கருநீல வண்ணம் அடித்தான். எல்லாம் ஒரே ஒரு காரியத்துக்காக. தங்கைக்கு வரப்போகும் மாப்பிள்ளையை இந்தக் காரில் உட்கார வைத்து, தானே ஓட்டி, மண்டபத்துக்கு அழைத்து வர வேண்டும்.

நம் கல்யாணங்களில் மாப்பிள்ளை அழைப்பு பெண்ணின் சகோதரனுடைய உரிமை. உங்களுக்குத் தெரியும். மாலை போட்டு, கையைப் பிடித்து, அவன்தான் கூட்டி வர வேண்டும்.

கார் ஓடியது. ஆனால் கத்தியது.

காலையில் கிளப்பினால் கத்தும். ஏர்கோன் போட்டால் கத்தும். ஸ்டீயரிங்கை ஒடித்தால் இன்னும் உச்சத்தில் கத்தும். எங்கள் தாமான் குடியிருப்பு முனையில் குணா திரும்பும்போதே வசந்தா அடுப்பில் தோசைக்கல்லைப் போட்டுவிடுவாள். அவன் காரை நிறுத்திக் கைகழுவி வருவதற்கும் முதல் தோசை வேகுவதற்கும் சரியாக இருக்கும். பக்கத்து வீட்டு மலாய்க்கார மாக்சிக் கூட, "குணா டா பாலேக்" என்று வேலிக்கு அந்தப் பக்கமிருந்து சொல்வார். குணா வந்துவிட்டான் என்று.

கல்யாணத்துக்கு முந்தின வாரம், வெற்றிலைத் தட்டு கொடுக்க மாப்பிள்ளை வீட்டுக்குப் போனோம். அவர்கள் பிரிக்பீல்ட்ஸில் அடுக்குமாடி வீட்டில் இருந்தார்கள். கார் நிறுத்துமிடத்தில் குணா ஸ்டீயரிங்கை ஒடித்தான். அவ்வளவுதான். மேலே ஒவ்வொரு மாடியிலும் ஒரு தலை எட்டிப் பார்த்தது.

மாப்பிள்ளை சிவாவின் அண்ணன் பிரகாஷ் கீழே இறங்கி வந்தார். நல்ல மனிதர். ஆனால் வாய் சும்மா இருக்காது.

"என்ன தம்பி, நாதஸ்வரத்த காடிக்குள்ளயே வெச்சு கொண்டு வந்துட்டீங்களா?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன். குணா மட்டும் சாவியைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

தேநீர் குடித்து முடித்ததும் பிரகாஷ் மெதுவாகச் சொன்னார். "தப்பா நினைக்காதீங்க தம்பி. ஹைவேயில நின்னுட்டா முகூர்த்தம் போயிரும். என் கூட்டாளிகிட்ட வெள்ளக் காடி ஒண்ணு சொல்லி வெச்சிருக்கேன். சனிக்கிழம சாயங்காலம் வரைக்கும் பாருங்க. சத்தம் நின்னா உங்க காடி. நிக்கலன்னா அந்தக் காடி. சரியா?"

குணா தலையை ஆட்டினான்.

 திரும்பி வரும் வழியெல்லாம் காரின் பெல்ட் மட்டும்தான் பேசியது. கிள்ளான் நெருங்கும்போதுதான் குணா வாயைத் திறந்தான்.

"அத்தான், சேலை அக்கா எடுத்தது. நகை அம்மா போட்டது. என் கையால அவளுக்குன்னு செஞ்சது இது ஒண்ணுதான்."

சின்னச் சக்கரம் வேகமாகச் சுற்றும்

கார் ஏன் கத்தியது என்று சொல்ல வேண்டும். நான் மூன்றாம் பாரத்தோடு படிப்பை நிறுத்தியவன், துறைமுகத்தில் போர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன். எனக்கே புரிந்தது என்றால் உங்களுக்கும் புரியும்.

குச்சியில் கறி கோத்துச் சாத்தே சுடுகிறவரைப் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா? ஒரு கையால் குச்சிகளைத் திருப்புவார், இன்னொரு கையால் ஓலை விசிறியை வீசுவார். விசிற விசிறக் கரி சிவக்கும். குணாவின் காரில் அப்படி ஒரு விசிறி இருந்தது. அதற்குப் பெயர் சூப்பர்சார்ஜர். இன்ஜினுக்குள் கூடுதலாகக் காற்றைத் தள்ளும். காற்று கூடினால் பெட்ரோல் இன்னும் நன்றாக எரியும், கார் பாயும்.

அந்த விசிறிக்குத் தனி மோட்டார் கிடையாது. இன்ஜினின் அடியில் ஒரு பெரிய சக்கரம் சுற்றுகிறது. அதிலிருந்து ஒரு ரப்பர் பெல்ட் போய் சூப்பர்சார்ஜரின் சக்கரத்தைச் சுற்றுகிறது. புல்லி என்பார்கள் அந்தச் சக்கரத்தை. அதே பெல்ட்தான் ஏர்கோனையும், ஸ்டீயரிங் பம்பையும், பேட்டரிக்கு மின்சாரம் கொடுக்கும் கருவியையும் சுற்ற வேண்டும். ஒரே பெல்ட், நாலைந்து வேலை. எங்கள் வீட்டில் வசந்தா மாதிரி.

குணாவின் காரில் சூப்பர்சார்ஜர் புல்லி ஆட்டம் கண்டிருந்தது. மாற்றப் போனான். கடையில் பழைய அளவும் இருந்தது, அதைவிடச் சிறியதும் இருந்தது. சிறிய புல்லி போட்டால் விசிறி வேகமாகச் சுற்றும், காருக்கு வலு கூடும் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். குணா ஆசைப்பட்டு சிறியதைப் போட்டுவிட்டான்.

புல்லியை மாற்றியவன் பெல்ட்டை மாற்றவில்லை. அதுதான் வினை.

தடித்த இடுப்புக்கு வாங்கிய பெல்ட்டை இளைத்த இடுப்பில் கட்டினால் என்ன ஆகும்? நிற்காது, வழுக்கும். அதேதான். பெல்ட்டை இறுக்கிப் பிடிக்க ஸ்பிரிங் வைத்த ஒரு கை அங்கே இருக்கும். டென்ஷனர் என்று பெயர். அது தன்னால் ஆன மட்டும் நீட்டிப் பார்த்துவிட்டு, எல்லைக்குப் போய் நின்றுவிட்டது. அதற்கு மேல் இறுக்க முடியவில்லை. பெல்ட் வழுக்கி வழுக்கிக் கத்தியது.

குணா வசந்தாவிடம் இதைச் சொன்னபோது அவள் தன் தையல் இயந்திரத்தைக் காட்டினாள். "என் மெஷின் பெல்ட் தொங்குனா கொஞ்சம் வெட்டிட்டு ஊசி போட்டுக்குவேன். இதுக்கும் அப்படிப் போட வேண்டியதுதான?"

"இது தோல் இல்லக்கா, ரப்பர். வெட்ட முடியாது."

"அப்ப சின்னதா வாங்கு."

"எவ்ளோ சின்னதுன்னு தெரியணும்ல."

அங்கேதான் நான் உள்ளே வந்தேன்.

மீன் வேனில் வந்தவன்

நான் எதற்கு இதில் தலையிட்டேன் என்று கேட்கலாம். அதற்கு என் கல்யாணத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

எனக்கு ஏற்பாடு செய்த கார் அன்று காலையில் வரவில்லை. பந்திங்கிலிருந்து வர வேண்டியது, வழியில் படுத்துவிட்டது. என் அப்பாவின் கூட்டாளி ஒருவர் நெத்திலிக் கருவாடு ஏற்றும் வேன் வைத்திருந்தார். அதைக் கழுவி, இரண்டு ஊதுவத்திக் கட்டைக் கொளுத்தி, என்னை முன் இருக்கையில் உட்கார வைத்தார்கள். பட்டு வேட்டி, தலைப்பாகை, மாலை, கருவாட்டு வாசனை.

மணவறையில் என் பக்கத்தில் உட்கார்ந்த உங்கள் வசந்தா அக்கா, முகத்தைத் திருப்பாமல் உதட்டை மட்டும் அசைத்து என்னிடம் பேசிய முதல் வார்த்தை: "என்னங்க வாசன?"

இன்றைக்கும் சமையலறையில் நெத்திலி வறுத்தால், "உங்க கல்யாண வாசன வருது" என்பாள்.

எனக்கு அதில் வருத்தம் ஒன்றும் இல்லை. ஆனால் வேன் வந்து நின்றபோது வாசலில் நின்ற முகங்களை நான் பார்த்தேன். ஒரு கணம்தான். பிறகு எல்லாரும் சிரித்து, மேளம் அடித்து, அழைத்துப் போய்விட்டார்கள். அந்த ஒரு கணம் குணாவுக்கு வேண்டாம் என்று நினைத்தேன்.

வெள்ளைக் கயிறு ஆகாது

பெல்ட் வாங்க இரண்டு விஷயம் தெரிந்தால் போதும். இதை ஞாபகத்தில் வையுங்கள், என்றைக்காவது உதவும். ஒன்று, பெல்ட்டின் உள்பக்கத்தில் நீளவாக்கில் வரிகள் இருக்கும். புல்லியில் எத்தனை பள்ளமோ அத்தனை வரி. குணாவின் காருக்கு ஆறு. இன்னொன்று நீளம். சாதாரணமாகப் பெல்ட்டின் முதுகிலேயே அச்சடித்திருப்பார்கள். குணாவின் பெல்ட் வழுக்கி வழுக்கி எழுத்தெல்லாம் அழிந்து போயிருந்தது. அழியாமல் இருந்திருந்தாலும் அது பழைய புல்லிக்கான நீளம்தான். புதிய புல்லிக்கு எந்தப் புத்தகத்திலும் அளவு இல்லை.

வெள்ளிக்கிழமை வேலை முடிந்து வந்ததும் நான் அளந்தேன். வசந்தாவின் தையல் டேப்பை வைத்துப் பார்த்தேன். அகலமாக இருந்ததால் வளைவுகளில் மடிந்தது, நீளமும் போதவில்லை. பிறகு நல்ல பருத்திக் கயிறு ஒன்றை எடுத்தேன். பழைய பெல்ட் ஓடிய தடத்திலேயே அதை விட்டு, ஒவ்வொரு புல்லியாகச் சுற்றிக் கொண்டு வந்தேன். குணா டென்ஷனரை அதன் ஆட்டத்தின் நடுவில் பிடித்துக்கொண்டு நின்றான். நடுவில் இருந்தால்தான் பெல்ட் பிறகு கொஞ்சம் நீண்டாலும் இறுக்க இடம் இருக்கும். கயிற்றின் இரண்டு நுனியும் சந்தித்த இடத்தில் கத்தரியால் வெட்டினேன். சரியான அளவு. நானே என் முதுகில் தட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

கயிற்றைக் கொண்டுபோய் உள்ளே மேசையில் வைத்தேன். அங்கே வெற்றிலை, பாக்கு, தேங்காய் எல்லாம் அடுக்கியிருந்தது.

வசந்தா பார்த்தாள். "யாரு இங்க வெள்ளக் கயிறு போட்டது?"

"நான்தான். நாளைக்கு பெல்ட் வாங்க."

"கல்யாண வீட்டுல, தாம்பூலத்துக்குப் பக்கத்துல, வெள்ளக் கயிறா? உங்களுக்கு ஏதாச்சும் தெரியுமா?"

அவள் சொன்னது எங்கள் வீட்டு வழக்கம்தான். புதுச் சட்டை வாங்கினால் காலருக்குள் மஞ்சள் தொட்டு வைக்கிறோமே, பத்திரிகையின் நாலு மூலைக்கும் வைக்கிறோமே, அது போல. கயிற்றைக் கொண்டுபோய் மஞ்சள் கரைத்த கிண்ணத்தில் முக்கி எடுத்து, பிழிந்து, கொடியில் போட்டாள். "மாப்பிள்ள வர்ற காடிக்கு அளக்குற கயிறு. இப்பதான் லட்சணமா இருக்கு."

எனக்கும் அது நல்லதாகத்தான் பட்டது. சனிக்கிழமை காலையில் கயிறு காய்ந்து பளபளவென்று இருந்தது. சுருட்டிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு நானும் குணாவும் கிள்ளான் டவுனுக்குப் போனோம்.

ஸ்பேர்பார்ட்ஸ் கடை முதலாளி, தவுக்கே என்போம், சீனர். எங்கள் ஆட்களோடு பழகிப் பழகித் தமிழ் பேசுவார். மஞ்சள் கயிற்றை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார்.

"அண்ணே, இது சாமி கயிறா? நான் தொடலாமா?"

"தொடலாம் பாஸ். பெல்ட் அளவு. ஆறு வரி."

கண்ணாடி மேசையின் விளிம்பில் இரும்பு அளவுகோல் பதித்திருந்தது. அதன் மேல் கயிற்றை நீட்டிப் பார்த்தார். உள்ளே போய், சுவர் முழுக்கத் தொங்கிய பெல்ட்டுகளில் ஒன்றை இறக்கிக்கொண்டு வந்தார். "இது கரெக்ட். கயிறு சொல்ற அளவு."

கயிறு சொன்ன அளவு. அதில்தான் நாங்கள் மாட்டிக்கொண்டோம்.

லைனிங் துணி

இனி மறுபடியும் அந்த மத்தியானத்துக்கு வருவோம். பெல்ட் ஏறவில்லை. ஒரு விரல் அகலம்.

குணா கம்பியைக் கீழே போட்டான். "தவுக்கே மாத்திக் கொடுத்துட்டான் அத்தான்."

"இல்ல மச்சான், நம்ம முன்னாலதான அளந்தாரு."

"அப்ப?"

"நான் அளந்ததுதான் தப்போ என்னமோ. டென்ஷனர நீ நடுவுலதான பிடிச்ச?"

"நடுவுலதான் பிடிச்சேன்."

"ஆடலையே?"

"கை வலிச்சது. ஆனா ஆடல."

முறுக்குப் போட வந்திருந்த சொந்தக்காரப் பெண்கள் எண்ணெயைப் பார்ப்பதை விட்டுவிட்டு எங்களைப் பார்த்தார்கள். அதில் ஒருத்தி, "பெல்ட் ஏறலன்னா காடிய கொஞ்சம் பட்டினி போடுங்க" என்றாள். சிரிப்பு. குணா சிரிக்கவில்லை. அவன் போனை எடுத்து பிரகாஷின் பெயரைத் தேடிக்கொண்டிருந்தான். வெள்ளைக் காருக்குச் சரி என்று சொல்லப் போகிறான்.

"கொஞ்சம் இரு. கை கழுவிட்டு வர்றேன், அப்புறம் பேசு" என்றேன்.

குழாயடிக்குப் போக வசந்தாவின் தையல் அறையைத் தாண்ட வேண்டும். உள்ளே தேவி, வரவேற்புக்குப் போடும் ரவிக்கையைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். வசந்தா வாயில் குண்டூசிகளோடு மண்டியிட்டிருந்தாள்.

"அக்கா, இது தொவச்சா சுருங்காதுல்ல? தீபாவளி ரவிக்க ஒரே தொவையில பொம்மைக்குப் போடுற மாதிரி ஆயிருச்சு."

வசந்தா ஊசிகளுக்கு நடுவிலேயே பேசினாள். "அது கடையில தச்சது. நான் லைனிங் துணிய மொதல்ல நனைச்சு, காய வெச்சுத்தான் வெட்டுவேன். காட்டன் தண்ணி பட்டா சுருங்கும்டி, அது கூடத் தெரியாமலா நான்..."

நிறுத்திவிட்டாள்.

வாசலில் நின்ற என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். குண்டூசிகளை ஒவ்வொன்றாக வாயிலிருந்து எடுத்தாள்.

"ஏங்க. அந்தக் கயிறு காட்டனா, நைலானா?"

"நல்ல காட்டன்."

"தண்ணியில முக்கினது..."

"நீதான்."

"எப்ப? அளக்கிறதுக்கு முன்னயா பின்னயா?"

"பின்ன."

அவள் தலையில் கை வைத்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். அழப்போகிறாள் என்று பயந்தேன். அவள் சிரித்தாள். தோள் குலுங்க, சத்தம் வராமல், கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். தேவிக்கு ஒன்றும் புரியவில்லை. பாதி ஊசி குத்திய ரவிக்கையோடு, "என்னக்கா? என்னத்தான்?" என்று எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

நுனிகள் சந்திக்கவில்லை

வசந்தாவே வெளியே வந்தாள், கழுத்தில் டேப்போடு. நான் மஞ்சள் கயிற்றை எடுத்து, நேற்றுப் போலவே புல்லிகளைச் சுற்றி விட்டேன். குணா டென்ஷனரை நடுவில் பிடித்தான்.

நேற்றுச் சந்தித்த நுனிகள் இன்று சந்திக்கவில்லை. நடுவில் இரண்டு விரல் இடைவெளி.

"இந்தா பாரு" என்றாள் வசந்தா, ஏதோ அவளே அதை இத்தனை நாளாகத் தேடிக்கொண்டிருந்தது போல. டேப்பை அந்த இடைவெளியில் வைத்தாள். சுருங்கிய கயிறு இனி நீளாதே, குறைந்ததைச் சேர்க்க வேண்டும். உள்ளே ஓடிப்போய் இன்னொரு துண்டுக் கயிறு கொண்டு வந்து, ஒட்டு மேலே ஏறாதபடி நுனியோடு நுனி வைத்துத் தைத்தாள். கார் பானெட்டுக்குள் தலையை விட்டு ஊசி நூல் கோக்கும் பெண்பிள்ளையை நான் அன்றுதான் பார்த்தேன்.

"இந்தத் துண்டுக்கு மஞ்சள் வேணாமாக்கா?" என்றான் குணா. அன்று அவன் சொன்ன முதல் வேடிக்கை அது.

"வாய மூடு. காஞ்ச மஞ்சப் பொடி தொட்டு வெச்சிட்டேன்."

சனிக்கிழமை அந்தக் கடை சீக்கிரம் சாத்திவிடும். பெல்ட்டே இல்லாத காரை எடுக்க முடியாது. பக்கத்து வீட்டு மாக்சிக்கின் மகனிடம் மோட்டார் சைக்கிளை இரவல் வாங்கி, குணா ஓட்ட, நான் பின்னால் உட்கார்ந்தேன். புல்லியில் ஏறாத பெல்ட் என் கழுத்தில் ஒரு மாலை போல. சிக்னலில் நின்ற பஸ்ஸிலிருந்து ஆட்கள் பார்த்தார்கள்.

தவுக்கே இரும்புக் கதவைப் பாதி இறக்கியிருந்தார். நாங்கள் குனிந்து உள்ளே பார்த்தோம். அவர் குனிந்து வெளியே பார்த்தார்.

"அண்ணே, சாமி கயிறு நீண்டு போச்சா?"

"சுருங்கிப் போச்சு பாஸ். இதுதான் சரியான அளவு."

"நாளைக்கு மறுபடி சுருங்குமா? நாளைக்குக் கடை இல்ல லா."

"சுருங்க வேண்டியதெல்லாம் சுருங்கிருச்சு. நீங்க அளங்க."

இரும்பு அளவுகோலில் வைத்தார். உள்ளே போய், அடுத்த அளவை அல்ல, அதற்கும் அடுத்த அளவை இறக்கினார். காலையில் வாங்கிய பெல்ட்டில் அழுக்குப் படவில்லை என்று மாற்றிக் கொடுத்தார். "கல்யாணம் நல்லா நடக்கட்டும்" என்று சொல்லிவிட்டுக் கதவை முழுதாக இறக்கினார்.

இந்த முறை நெம்ப வேண்டியதே இல்லை. குணா கம்பியை லேசாகச் சாய்த்தான், பெல்ட் கடைசிப் புல்லியில் தானாக நழுவி உட்கார்ந்தது. டென்ஷனர் நடுவில், பசியாறிவிட்டு உட்கார்ந்தவன் போல நிம்மதியாக இருந்தது.

சாவியைத் திருப்பினான். இன்ஜின் கிளம்பியது. ஏர்கோன் போட்டான். ஸ்டீயரிங்கை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஒடித்தான். முறுக்கு வேகும் சத்தம் கேட்டது. அவ்வளவுதான்.

குணா பிரகாஷைக் கூப்பிட்டான். ஒன்றும் பேசாமல் போனை பானெட்டுக்குள் நீட்டினான். கொஞ்ச நேரம் கழித்து எடுத்துக் காதில் வைத்தான்.

"தம்பி, ஒண்ணுமே கேக்கலையே. லைன் போயிருச்சா?"

"இல்லண்ணே. அதான் காடி."

அந்தப் பக்கத்தில் பிரகாஷ் சிரித்தது எனக்கே கேட்டது. "சரி தம்பி. நாளைக்கு உங்க காடிதான். என் தம்பிய பத்திரமா கொண்டு போங்க."

சத்தம் கேட்காத வாசல்

மறுநாள் விடிந்ததும் நானும் குணாவும் பிரிக்பீல்ட்ஸ் போனோம். மாப்பிள்ளை வீட்டார் எல்லாரும் பஸ்ஸில் முன்னால் கிளம்பிவிட்டார்கள். நாங்கள் சிவாவை ஏற்றிக்கொண்டோம். தலைப்பாகை இடிக்காமல் அவரை உள்ளே உட்கார வைக்கவே பெரும்பாடு. ஹைவேயில் ஏறியதும் குணா காலை அழுத்தினான். சின்னப் புல்லி சும்மா இல்லை, பிள்ளைகளே. என் முதுகு இருக்கையோடு ஒட்டிக்கொண்டது. சிவா தலைப்பாகையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"மச்சான், முகூர்த்தத்துக்கு இன்னும் நேரம் இருக்கு."

"தெரியும் மாப்பிள்ள. சும்மா ஒரு தடவ."

குணா சிரித்துக்கொண்டிருந்தான். பல்லெல்லாம் தெரிந்தது.

மண்டபத்து வாசலில் கார் மெத்தென்று வந்து நின்றது.

யாரும் இல்லை.

ஆரத்தித் தட்டு இல்லை. மேளம் இல்லை. கண்ணாடிக் கதவு சாத்தியிருந்தது. வாழைமரம் இரண்டு மட்டும் நின்றன. ஒரு பையில் ஐஸ் கட்டியைச் சுமந்துகொண்டு ஒருவர் போனார். எங்களைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

சிவா கண்ணாடி வழியாகப் பார்த்தார். "மச்சான், இதே மண்டபம்தான?"

குணாவின் முகத்தில் இருந்த சிரிப்பு மெல்ல இறங்கியது. நான் கதவைத் திறந்துகொண்டு ஓடினேன்.

உள்ளே மாப்பிள்ளை வீட்டார் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நாதஸ்வரக்காரர் மடியில் வாத்தியத்தை வைத்துக்கொண்டு காதைத் தீட்டி உட்கார்ந்திருந்தார். ஆரத்தித் தட்டோடு வசந்தா கதவுப் பக்கம் பார்த்தபடி நின்றிருந்தாள். கையில் தீப்பெட்டி.

"எப்ப வந்தீங்க?" என்றாள். "சத்தமே கேக்கலையே."

"எந்தச் சத்தம்?"

"காடிச் சத்தம்தான். மேளக்காரர்கிட்ட சொல்லி வெச்சிருக்கேன், என் தம்பி காடி முனையில திரும்பும்போதே கத்தும், கத்துனதும் ஆரம்பிங்கன்னு."

நாதஸ்வரக்காரர் பாவமாக என்னைப் பார்த்தார். "நானும் கேட்டுக்கிட்டேதாங்க இருக்கேன்."

சனிக்கிழமை சத்தம் நின்றதை அவளும்தானே பார்த்தாள் என்று நீங்கள் கேட்பீர்கள். அவள் கண்ணுக்குத் தெரியும். காதுக்குப் பழக்கம் போகவில்லை.

அதற்குள் மாடியில் மணப்பெண் அறையிலிருந்து சத்தம். போய்ப் பார்த்தால் தேவி அழுதுகொண்டிருக்கிறாள். அலங்காரம் செய்ய வந்த அக்கா டிஷ்யூவைச் சுருட்டிக் கண்ணோரத்தில் வைத்து, "அழாத லா, மை கலையுது, அழாத லா" என்று அவளை விட அதிகமாகத் தவித்துக்கொண்டிருந்தார்.

"அத்தான், அண்ணன் காடி வரலத்தான். ரொம்ப நேரமா காதக் கொடுத்துக் கேக்குறேன். வழியில நின்னுருச்சு. வெள்ளக் காடியிலதான் வரப்போறாங்க. அண்ணன் மூஞ்ச நான் எப்படிப் பாப்பேன்?"

 ஜன்னல் திரையை விலக்கிக் காட்டினேன்.

கீழே கருநீலக் கார் நின்றது. குணா கதவைத் திறந்து, சிவாவின் தலைப்பாகை இடிக்காமல் தன் கையை மேலே வைத்துப் பிடித்து, அவரை இறக்கிக்கொண்டிருந்தான். மாலையைச் சரிசெய்தான். கையைப் பிடித்தான். அப்போதுதான் நாதஸ்வரம் கிளம்பியது.

தேவி அழுததும் சிரித்ததும் ஒன்றாக வந்தது. அலங்கார அக்கா டிஷ்யூவைத் தூக்கிப் போட்டுவிட்டு, "நீ எப்படியாச்சும் போ" என்று உட்கார்ந்துவிட்டார்.

மறுவீட்டுக்கு அவர்கள் எங்கள் வீட்டுக்கு வந்தபோது எல்லாரும் வாழையிலைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தோம். தேவி குணாவைப் பார்த்துச் சொன்னாள்: "எல்லாப் பொண்ணுங்களும் பொறந்த வீட்ட விட்டுப் போறதுக்கு அழுவாங்க. நான் பெல்ட் கத்தலன்னு அழுதேன்."

குணா சோற்றைப் பிசைந்தபடி சொன்னான்: "அடுத்த தடவ ஹார்ன் அடிக்கிறேன்."

சிவா, சாம்பார் வாளியோடு வந்தவரைக் கையால் நிறுத்திவிட்டு நிமிர்ந்தார்.

"அடுத்த தடவையா மச்சான்?"